திறந்து காட்டத் தேவையில்லை

போன மாதம் என் மகன் பழைய மின்கிற்றார் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து, விற்பவரின் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். விற்றவர் ஓர் இளைஞர். உள்ளே ஏதும் மாற்றியிருக்கிறீர்களா என்று மகன் கேட்டான். அவர் கிற்றாரைக் கவிழ்த்து வைத்து, திறந்து காட்டட்டுமா என்றார். அவ்வளவுதான், நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, சுகமில்லையோ?" என்று மகன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஐரோ நாணயம் வந்து ஓரிரு வருடங்களே ஆகியிருந்த காலம். எனக்குப் பதின்மூன்று வயது. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் நாங்கள் இருந்த வீட்டில் ஜேர்மன் மொழியைத் தடுமாறாமல் பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். குடும்பத்தில் யாருக்கு டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, இருந்தாலும் அது எனக்கும் டெர்மின். வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டுக்காரர், தம்பியின் வகுப்பாசிரியை என்று எல்லா இடத்திலும் நடுவில் நின்றேன். அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி டொக்டருக்கு விளக்கியபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு பக்கமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் பயமாக இருந்தது. பிறகு, நீளமாகச் சொல்வதைச் சுருக்கிச் சொல்லப் பழகினேன். சுருக்கியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரிபார்க்க ஆளில்லாத வேலை அது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் பத்து வருடமாக ஈயம் பற்றவைக்கும் வேலை. தேவாலயத்தில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பார். அதுவும் யாரோ கொடுத்த, கழுத்து உடைந்து ஒட்டிய கிற்றார். ஒருநாள் பேரங்காடியின் அறிவிப்புப் பலகையில் பழைய மின்கிற்றார் விற்பனைக்கு என்று எழுதியிருந்ததைக் கண்டுவிட்டு, அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சனிக்கிழமையே போகவேண்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள், நீச்சல்குளத்தில். அப்படி ஓர் அழைப்பு எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம் ஒரு வாரம் அழுது அனுமதி வாங்கியிருந்தேன். மாமா, "ஒரு மணிக்குப் போனா ரெண்டுக்குள்ள வந்திடலாம், பிள்ளை" என்றார்.

விற்றவர் எழுபது வயதிருக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எங்களை உள்ளே உட்காரவைத்துக் கோப்பி தந்தார். மாமா கிற்றாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்த விதத்தில் அவருக்கு நல்ல சந்தோசம். சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு இரண்டு கூட்டாளிகளோடு நிலவறையில் வாசிப்பதாகவும், அடுத்த சனிக்கிழமை மாமாவும் வரவேண்டும் என்றும் சொன்னார். இதைச் சுருக்காமல் சொன்னேன். மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்னையோ? என்னை ஏன் கூப்பிடுறார்? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் மாமா, உங்களைத்தான்."

பத்து வருடத்தில் ஒரு ஜேர்மன்காரரும் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

ஆனால் மாமா அதோடு எழும்பவில்லை. "உள்ளுக்கு ஏதும் மாத்தினதோ எண்டு கேள் பிள்ளை. எங்கட வாழ்க்கையில எல்லாம் ஒட்டுப்போட்ட சாமான்தான். ஒருக்காலாவது கொம்பனி விட்டபடி ஒண்டு வேணும்."

கேட்டேன். பெரியவர் உற்சாகமாகத் தொடங்கினார். கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலியாக்க அனுப்பும் காந்தத் துண்டு இருக்கிறதே, பிக்கப், அதில் ஒன்று இரைந்துகொண்டே இருந்ததாம். கழற்றிவிட்டு வேறொன்று போட்டாராம். அது சற்றுப் பெரிது என்பதால் மரத்தைக் கொஞ்சம் செதுக்க வேண்டி வந்ததாம். இப்போது முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் வாங்குபவருக்குச் சொல்லவேண்டியது தன் கடமை என்றார். திருப்புளியை எடுத்து, திறந்து காட்டட்டுமா என்றும் கேட்டார்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. மாற்றியிருக்கிறார் என்று சொன்னால் மாமா நூறு கேள்வி கேட்பார், ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். பெரியவரிடம், தேவையில்லை என்றேன். மாமாவிடம், "ஒண்டும் மாத்தேல்லையாம்" என்றேன்.

நீச்சல்குளத்துக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, மாமா கிற்றாரை அதன்மேல் கிடத்தினார். சந்தேகத்தில் அல்ல, புதிதாகப் பிறந்த குழந்தையின் கைவிரல்களை எண்ணிப் பார்ப்பார்களே, அந்த ஆசையில். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். மேல் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலைகள் தேய்ந்திருப்பதைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார். தகட்டைத் தூக்கினார். குழியின் உட்புறம் முழுவதும் கறுப்பு வர்ணம் பூசியிருந்தது, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது. பழைய திருகாணித் துளைகள் இரண்டில் சிறு குச்சிகளைச் செருகி அடைத்திருந்தது. வயர்களில் இரண்டு துணி சுற்றியவை, மற்ற இரண்டும் பிளாஸ்டிக். கடைசியாக, ஈயம் பற்றிய இடங்களைக் குனிந்து பார்த்தார். ஒன்று பழையதாய், மங்கலாய், மணிபோல் சிறிதாக இருந்தது. மற்றது பளபளவென்று குமிழாக நின்றது.

"இது ஒரே கையில்லை" என்றார் மாமா. "ஒரு ஆள் ரெண்டு விதமா ஒட்டமாட்டான். இதைத் திறந்து மாத்தியிருக்கு."

அப்பாவுக்குப் பகிடி. "பத்து வருசமா ஈயம் ஒட்டுறவனுக்கே விளையாட்டுக் காட்டிப்போட்டான் கிழவன்!"

"வெள்ளையள் எண்டாப்போல எல்லாரும் உண்மையே கதைப்பினம்? விடு தம்பி, சத்தம் வருதுதானே" என்றாள் அம்மா.

மாமா சிரிக்கவில்லை. "சத்தத்துக்கில்லை அக்கா. கோப்பியும் தந்து, வாசிக்க வா எண்டும் சொல்லிப்போட்டு, மூஞ்சைக்கு நேர பொய் சொல்லியிருக்கிறார்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ வடிவாக் கேட்டனிதானே, பிள்ளை?"

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். மேசையில் எல்லோரும் இருந்தார்கள். அடி விழாது, ஏச்சுக்கூடப் பெரிதாக விழாது. ஆனால் நான் சொல்வதை நம்பித்தான் அந்த வீடே ஓடிக்கொண்டிருந்தது. கட்டியைப் பற்றி டொக்டர் சொன்னதையும் ஒழுங்காகச் சொன்னாயா என்று அம்மா கேட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

"ஓம் மாமா, கேட்டனான்" என்றேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவர், கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சண்டை பிடிக்க அல்ல. ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். தொங்கு ரயிலில் போகும்போது அந்தக் கேள்வியை மரியாதை குறையாமல் எப்படிக் கேட்பது என்று என்னோடு ஆலோசித்தார்.

பெரியவர் கதவைத் திறந்து, சிரித்தபடி கையை நீட்டினார். மாமா கை கொடுக்கவில்லை. "கேள் பிள்ளை" என்றார்.

நான் பெரியவரைப் பார்த்து, மாமாவுக்கு இது பிடிக்கவில்லையாம், திருப்பித் தர வந்திருக்கிறார் என்றேன்.

அவர் முகம் வாடியது. எல்லாவற்றையும் சொல்லித்தானே கொடுத்தேன், அந்த மாற்றம்தான் பிடிக்கவில்லையா என்று கேட்டார். நான் மாமாவிடம் திரும்பி, "மன்னிக்கச் சொல்லுறார், காசைத் திருப்பித் தாறாராம்" என்றேன்.

பெரியவர் உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கிற்றாரை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தயங்கி நின்றார். பிறகு, கிற்றார் கிடக்கட்டும், என்னிடம் வேறு இருக்கிறது, சனிக்கிழமை வாசிக்க வருவீர்கள்தானே என்று கேட்டார். நேராக மாமாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர்கள் இருவரும் இன்னொரு தடவை ஓர் அறையில் உட்கார்ந்தால், என் பொய் வெளியே வந்துவிடும்.

"ஏர் ஹாட் கைனே சைட்" என்றேன். அவருக்கு நேரமில்லை என்று அர்த்தம்.

மாமா எனக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கொடுக்காமல் வைத்திருந்த கையைப் பெரியவரிடம் நீட்டிக் குலுக்கினார். படியிறங்கினார். ரயிலில் என்னை ஜன்னலோரம் இருக்கச் சொன்னார். கீழே ஆறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதற்காகக் கடைசியில் கை கொடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

மேற்பார்வையாளரின் வாயிலிருந்து 'கைனே சைட்' என்பதைப் பத்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்ட மனிதர் அவர், என் பொய் அவருக்கு அந்த வாசலிலேயே விளங்கியிருக்கும் என்பது, நானே வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த மாரிக்காலத்தில் மாமா மாலைநேர ஜேர்மன் வகுப்பில் சேர்ந்தார். நாற்பது வயதில் புத்தகப்பையோடு போகிறார் என்று அப்பா பகிடி பண்ணினார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு எந்த டெர்மினுக்கும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. பல்வைத்தியரிடம்கூட அகராதியோடு தனியாகப் போனார். பிள்ளைக்குப் படிப்பிருக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். என்மேல் அவருக்கு எவ்வளவு அன்பு என்று அப்போது நினைத்து, நான் தோழிகளோடு நீச்சல்குளத்துக்குப் போனேன்.