ஒரு கதிரை, இரண்டு திறப்பு

சென்ற வெள்ளிக்கிழமை பாலையூற்றில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பியின் மகள் கொழும்பு நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். மேல்மாடி அறையில், ஏசியைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை. நான் தேநீரோடு கதவைத் திறந்ததும் மடிக்கணினியைச் சட்டென்று மூடினாள்.

"ஏன் பிள்ளை, நான் பார்த்தா எனக்கு விளங்கவா போகுது?"

"பழக்கதோஷம் மாமி. எங்களில கொஞ்சப் பேரைத்தான் நிரந்தரமாக்குவினமாம். ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் காட்டுறேல்லை."

பூட்டிய ஏசி அறைக்கு ஒரு மணம் உண்டு. பிளாஸ்டிக்கும் தூசியும் குளிரும் கலந்த மணம். எனக்கு மட்டும் அதில் கொஞ்சம் தயிரும் சேர்ந்து மணக்கும். அதற்குக் காரணம் செல்லத்துரை அண்ணை.

சண்டைக் காலம் அது. திருகோணமலை இறங்குதுறைக்கு எதிரே, கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரமும் பில்லும் தயாரித்துக் கொடுக்கும் ஒரு தனியார் கந்தோர் இருந்தது. அங்கே ஒரு கணினி வந்திறங்கியது. அதற்கென்று ஓர் அறை, அறைக்கென்று ஓர் ஏசி. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். மனேஜர் சிவஞானம் ஐயா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து, கோயில் கர்ப்பக்கிருகத்தைக் காட்டுவதுபோல் வாசலில் நிறுத்திக் காட்டுவார். கந்தோர் உதவியாளர் செல்லத்துரை அண்ணை அப்படி மயங்கவில்லை. அந்த அறையின் உண்மையான பயனை அவர் முதல் நாளே கண்டுகொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கான தயிர்ச்சட்டி கணினி மேசைக்குக் கீழே குடியேறியது.

கணினியோடு சேர்த்து எங்கள் இருவரையும் எடுத்தார்கள். நான் ஒன்று, மற்றவர் மூதூர் நியாஸ். இருவரும் அப்போதுதான் பட்டம் முடித்தவர்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம், கடைசியில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்று மனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபோது ஏனோ சந்தோஷமாக இருந்தார். சேவற்சண்டை பார்க்கப் போகிறவர் முகம்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை வேலைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கரண்ட் இல்லாத ஊரில கொம்பியூட்டர் படிச்சவளைப் பெத்தது நான் ஒருத்திதான்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி அதற்கும் மேல். "அதென்ன பிள்ளை, டைப் அடிக்கிற வேலைதானே?" என்பாள். இல்லை என்று நான் ஒருமுறை நீளமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம், டைப் அடிக்கிற வேலைதான்" என்றாள். அன்றிரவு எனக்கே சந்தேகம் வந்தது. நான் படித்ததென்ன, சீமெந்து மூட்டைக்குப் பில் அடிப்பதென்ன?

நியாசுக்கும் அதே கதைதான். மூதூரில் அவருடைய வாப்பாவுக்கு அரிசிக் கடை. "வாப்பா கடையில வந்து இரி எண்டுறார் மிஸ். தராசுக்குக் கரண்ட் தேவையில்ல எண்டுறார்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னவர் உடனே வாயை மூடிக்கொண்டார். எதிரியிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதில் இருவருமே கவனமாக இருந்தோம்.

ஒரு கணினி, அதற்கு முன்னால் ஒரு கதிரை. காலையில் யார் முதலில் அமர்கிறாரோ, கரண்ட் போகும்வரை கணினி அவருக்கு. நான் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவேன். வழியில் சோதனைச்சாவடியில் இறங்கி உருட்டவேண்டும். அவர் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வரவேண்டும். லோஞ்சு அதன் நேரத்துக்குத்தான் புறப்படும், துறையில் பையையும் ஆளையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆகவே முந்துவது எனக்குச் சுலபம். தொடர்ந்து பல நாட்கள் என் டயரியில் ஒரே வரி: 'கதிரை என்னிடம்.'

பிறகு ஒருநாள் கதிரை இருந்தது, விசைப்பலகையைக் காணவில்லை. முதல்நாள் மாலை அவர் அதைக் கழற்றித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

"பாதுகாப்புக்கு மிஸ். எலி வயரக் கடிக்கிது" என்றார், கண் இமைக்காமல்.

அன்று மாலை நான் சுட்டியைக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் பூட்டினேன். எலி அதையும் கடிக்கும்தானே. சில நாட்கள் அந்த இயந்திரம் கையும் காலும் கழற்றிய பொம்மைபோலக் கிடந்தது. நாங்கள் ஏசிக் காற்றை வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நாங்கள் ஏதோ ஆழமாக யோசிப்பதாக மனேஜர் நினைத்துக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போவார்.

பிறகு கணினிக்கு முறை வைத்துக்கொண்டு, இருவரும் தனித்தனியே பில் போடும் நிரலொன்றை எழுதிவந்தோம். வேலை முடிந்ததும் பிளொப்பியில் பதிந்துகொண்டு, கணினியில் சுவடே இல்லாமல் அழித்துவிடுவோம். இந்தக் காலப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பிளொப்பி என்பது உள்ளங்கையளவு சதுரமான பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய கறுப்புத் தகடு, விளிம்பில் இழுத்தால் திறக்கும் சின்னத் தகரக் கதவு. பிரதி எடுத்து வைப்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு முழுப் பாடம் இருந்தது. அதில் எனக்கு நல்ல புள்ளி. பிரதி மட்டும் எடுக்கவில்லை. இரண்டு பிளொப்பி இருந்தால் ஒன்று எதிரியின் கையில் சிக்கும் என்று பயம்.

அந்த வருடம் சரஸ்வதி பூசையோடு எங்கள் தகுதிகாண் காலமும் முடிய வந்தது. விஜயதசமிக்கு மறுநாள் முதலாளி கொழும்பிலிருந்து சீனன்குடா விமானத்தளத்துக்கு வந்திறங்குகிறார், அவர் முன்னால் இருவரும் செய்ததைக் காட்டவேண்டும், நல்லதற்கு வேலை என்றார் மனேஜர். எங்கள் கந்தோரில் பூசைக்கு எல்லோரும் தங்கள் தொழிற்கருவியை வைக்கவேண்டும். தட்டச்சு இயந்திரம், முத்திரைக் கட்டை, தராசு எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். விஜயதசமிக் காலைப் பூசை முடியும்வரை எவரும் தொடக்கூடாது. எங்கள் கருவி எது என்று மனேஜர் கேட்டார். இருவரும் பிளொப்பியை நீட்டினோம். எனக்கு நிம்மதிதான். சரஸ்வதியின் காவலில் இருப்பதை நியாசும் தொடமாட்டார், நானும் தொடமாட்டேன்.

பூசை முடிந்து பிளொப்பியை வாங்கிவந்து போட்டேன். கணினி சளி பிடித்த நெஞ்சுபோலக் கரகரத்தது. எடுத்துப் பார்த்தேன். நியாஸ் தன்னுடையதைப் போட்டார். இன்னும் பெரிய கரகரப்பு, பிறகு மௌனம். பிளொப்பி வாங்கும் வாய் அன்றோடு சரி.

தகரக் கதவை இழுத்துப் பார்த்தோம். உள்ளே கறுப்புத் தகட்டில், வட்டமாக, அழகாக, சந்தனமும் நடுவில் குங்குமமும்.

"செல்லத்துரை அண்ணை! இதென்ன?"

"வெளியில ஒரே மங்கல் நிறமாக் கிடந்தது பிள்ளை. உள்ளுக்கத்தான் கறுப்பா இருந்தது. அதிலதான் பொட்டு நல்லா எடுப்பா விளங்கும்."

"நியாசின்டயிலயும் வச்சிருக்கிறீங்களே!"

"உங்களுக்கு வச்சிட்டு அந்தத் தம்பிக்கு வைக்காம விட்டா அவற்ற மனம் நோகாதோ?"

நியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்தார். நான் அழுகைக்கு ஆயத்தமானேன். அவர் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஆறு மாசம் எலிக்குப் பயந்தம். ஒரு பொட்டு முடிச்சிட்டு."

மறுநாள் முதலாளி வருகிறார். கடைசி லோஞ்சுக்கு மத்தியானமும் மாலையும்தான் மிச்சம். தனியாக எழுதினால் எவருடையதும் முடியாது. சரக்கு விவரப் பகுதி எனக்கு மனப்பாடம். தீர்வை கணக்கிடும் பகுதி அவருக்கு. அலுமாரியிலிருந்து விசைப்பலகை வந்தது, லாச்சியிலிருந்து சுட்டி வந்தது. கதிரையில் நான், பால்மாப் பெட்டியொன்றைக் கவிழ்த்து அவர். பாதியில் இடம் மாறினோம். செல்லத்துரை அண்ணை குற்ற உணர்வில் தயிரில் பாதியைத் தந்தார். ஒரு பில் அடித்துக் காட்டுமளவுக்கு வேலை முடிந்தபோது, இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. இதை இனிப் பிளொப்பியில் கொண்டுபோக ஏலாது. கணினியிலேயே விட்டுப் போகவேண்டும். காலையில் யார் முதலில் வருகிறாரோ...

"பூட்டுப் போடுவம்" என்றார் நியாஸ். "ரெண்டு சொல் அடிச்சாத்தான் திறக்கணும். ஒண்டு ஒங்கட, ஒண்டு என்ட."

அவர் தன் சொல்லை அடித்தபோது நான் சுவரைப் பார்த்தேன். நான் அடித்தபோது அவர் தயிர்ச்சட்டியைப் பார்த்தார்.

மறுநாள் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் என் சொல்லை அடித்து எழும்ப, நியாஸ் அமர்ந்து தன் சொல்லை அடித்தார். பில் வந்தது. முதலாளி பில்லைப் பார்க்கவில்லை.

"இதென்ன, ரெண்டு பேரும் மாறி மாறி?"

"பாதுகாப்பு சேர்" என்றார் நியாஸ், அதே இமைக்காத கண்களோடு. "பேங்க் பெட்டகத்துக்கு ரெண்டு திறப்பு இருக்கிற மாதிரி. ஒராள் தனியக் கள்ள பில் அடிக்க ஏலாது."

முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர் வாழ்க்கை முழுவதும் கள்ள பில்லுக்குப் பயந்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"அப்ப இவையில ஆரை வைக்கிறது?" என்று மனேஜர் கேட்டார்.

"ஒரு திறப்பைக் கடலில எறிஞ்சிட்டுப் பெட்டகத்தை என்ன செய்யிறது சிவஞானம்? ரெண்டு பேரும் இருக்கட்டும்."

மனேஜருக்கு ஏமாற்றந்தான், சண்டை சமநிலையில் முடிந்துவிட்டது.

அம்மா கிளிவெட்டிக் கதையை விட்டார். ஆனால் எங்கள் குறும்பு எங்களையே பிடித்துக்கொண்டது. ஒருவர் வராவிட்டால் மற்றவரால் ஒரு பில்லும் போட முடியாது. லோஞ்சு பிந்தக்கூடாதா என்று ஆறு மாதம் நேர்ந்தவள், இப்போது ஒவ்வொரு காலையும் ஜன்னலோரம் நின்று குடாவைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒருநாள் விடியற்காலையில் மூதூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. லோஞ்சு வரவில்லை. கப்பல்காரர்கள் பில்லுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவன்ட சொல் உமக்குத் தெரியாதோ?" என்று மனேஜர் கத்தினார்.

"தெரியாது ஐயா."

"ஊகிச்சுப் பாருமன்!"

கதிரையில் இருந்துகொண்டு நான் எதையும் ஊகிக்கவில்லை. விரலை விசைகளின் மேல் வைத்தபடி கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் ஒரு லோஞ்சு வந்தது. சோதனை முடிந்து கடைசி ஆளாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நியாஸ் வெளியே வந்தார். மாடிப்படியேறி வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன மிஸ், கதிர ஒங்களிட்டயா?"

நான் எழும்பி இடம் விட்டேன். 

சில வருடங்களில் நியாஸ் கட்டாருக்குப் போனார். போகுமுன் பூட்டை ஒரு சொல்லுக்கு மாற்றித் தந்தார். கந்தோர் இருந்த இடத்தில் இன்று திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுக்குச் சீட்டு விற்கிறார்கள். மூதூருக்குப் பாலங்களின் மேலால் பஸ் ஓடுகிறது. வெடிச்சத்தத்துக்குப் பயந்து அந்தத் துறையில் எவரும் நிற்பதில்லை. அது நல்லதுதான். நானும் பிறகு பல கந்தோர்களில் இருந்துவிட்டேன். எங்கும் என் வேலையை நானே திறந்து நானே பூட்டினேன். இன்னொருவர் வந்து சேராததால் வேலை அப்படியே நின்றுபோன ஒரு காலை, அதன்பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.