சுமை ஏற்றாமல் பார்த்த பிரேக்

பிள்ளைகளே, சைக்கிளில் மலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறீர்கள். அப்பா ஏன் இன்னும் தலையாட்டவில்லை என்று சொல்கிறேன்.

போன விடுமுறையில் தொழிற்சாலை நண்பர்களுடன் குளுவாங் பக்கத்து மலையில் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினேன். எல்லாச் சைக்கிள் பிரேக்கையும் வாசலிலேயே அழுத்திப் பார்த்தோம். நன்றாகப் பிடித்தன. பிறகுதான் கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர் எல்லாவற்றையும் சேகர் மாமாவின் சைக்கிளில் கட்டினோம்.

"உன் உடம்புக்கு இதெல்லாம் ஒரு பாரமாடா?" என்றேன்.

"கட்டுங்க லா. சோறு எனக்குத்தான் முதல்ல."

முதல் இறக்கத்தில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "பிரேக் பிடிக்கலண்ணே, விலகுங்க!"

எதிரே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தது. அவர் சாலையோரம் குவித்திருந்த செம்பனை மட்டைகளுக்குள் சைக்கிளைத் திருப்பி விழுந்தார். உடம்பெல்லாம் முள் கீறல்.

"உயிர் இருக்காடா?"

"இருக்குண்ணே. அரிசிதான் கொட்டிப்போச்சி."

யாரும் சிரிக்கவில்லை. சுமையைப் பிரித்துக் கட்டி, சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினோம்.

இப்போதெல்லாம் சுமையைக் கட்டிய பிறகுதான் பிரேக் பார்க்கிறேன். நேற்று நீங்கள் பள்ளிக்குப் போனதும், அரிசி மூட்டையை என் சைக்கிளில் கட்டி, தோட்டத்துச் சரிவில் தனியாக இறங்கிப் பிரேக்கை அழுத்தினேன். நிற்க வெகுதூரம் ஆனது. மேலே தள்ளிக்கொண்டு போய், பிரேக்கை இறுக்கி மறுபடி இறங்கினேன். சுமையோடு சட்டென்று நிற்கும்வரை தலையாட்ட மாட்டேன்.