எல்லைக்கல்லில் ஏற்றிய சூடம்

கோதண்டபாணிக்கு வனத்துறையில் தற்காலிக வாட்சர் வேலை. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுக் காட்டுக்குள் யாரையும் விடக்கூடாது. யாரையும் என்றால் யாரையும்தான். ஆடு மேய்க்கக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது. மனிதன் கை வைக்காமல் விட்டால் காடு தன் போக்கில் என்ன ஆகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்கிறார்களாம். "சும்மா கெடக்கிற காட்டுக்குக் காவலா?" என்று ஊரே கேலி செய்தது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வேலையில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் வினையானது. ஆயுத பூஜையன்று நெசவுக்காரர்கள் தறிக்கும், டிரைவர்கள் வண்டிக்கும் பொட்டு வைத்தார்கள். தன் தொழிலுக்கு எது ஆயுதம் என்று யோசித்தவன், காட்டின் எல்லைக்கல்லுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் போட்டான்.

பங்குனி உத்திரத்துக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் காவடி எடுத்து நடந்து வந்த ஒரு கூட்டம், வெயில் தாங்காமல் குறுக்கு வழியில் இறங்கியது. மரத்தடியில் குங்குமக் கல்லைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா போவார்களா? கோதண்டபாணி சரிவில் திரும்பியபோது கல்லின் தலையில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால், பல வருடமாக யாரும் அறுக்காத புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. காற்றும் காட்டைப் பார்த்துத்தான் வீசியது.

அவன் கல்லை நோக்கி ஓடினான்.

"அணைங்கம்மா! காடு பத்திக்கும்!"

"சாமிக்கு ஏத்தினத அணைக்கச் சொல்றியே நைனா, நல்லா இருப்பியா?" காவடியைத் தோளில் வைத்திருந்த மனோரமா சீறினாள். செத்துப் பிழைத்த மகனுக்காக எடுத்த காவடி அது. இரண்டு ஆட்கள் அவனை மறித்துக்கொண்டார்கள்.

சுடர் சாய்ந்தது. ஒரு புல் நுனி கருகிச் சுருண்டது.

தட்டிவிட்டால் அடி விழும். பேசிக்கொண்டிருந்தால் காடு போய்விடும். கோதண்டபாணி அவர்களுக்கு நடுவே கையை நீட்டி, எரிகிற சூடத்தை அப்படியே உள்ளங்கையில் அள்ளினான். "அரோகரா!" என்று அவனே கத்தினான். வேண்டுதலுக்குக் கையில் சூடம் ஏந்துகிறவர்களைப் பார்த்துப் பழகிய கூட்டம் சட்டென்று வழிவிட்டது. தோல் பொசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டைப் பாறைவரை நடந்து, அங்கே அதைப் போட்டான்.

மனோரமா காவடியை இறக்கி வைத்துவிட்டு அவன் காலில் விழுந்தாள். "அடுத்த வருசம் பேட்டையையே கூட்டிகினு வரேன் நைனா. இந்தச் சாமிக்கு மேடை கட்டிடலாம்."

அவனுக்குக் கையைவிட இது அதிகமாக எரிந்தது. இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். கைக்கு ஊற்றிக்கொள்வான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் கல்லிடம் திரும்பி வந்து அதன்மேல் ஊற்றி, வெந்த கையாலேயே குங்குமத்தைத் தேய்த்துக் கழுவினான். அடியில் வனத்துறையின் நம்பர் தெரிந்தது.

"இது சாமி இல்லம்மா. கவர்மெண்ட் கல்லு. பொட்டு வச்ச முட்டாள் நான்தான்."

மனோரமா கல்லைப் பார்த்தாள். கொப்புளம் கண்ட கையைப் பார்த்தாள்.

"அப்போ யாருக்கோசரம் ஏந்தின?"

கோதண்டபாணி காய்ந்த புல்லையும் அதன் பின்னால் நின்ற காட்டையும் திரும்பிப் பார்த்தான்.

அவள் மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். பிறகு காவடியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நடத்தினாள்.