பதிவேட்டில் ஏறாத சாவி

விரல் நீளப் பித்தளைச் சாவி அது. கணக்காளர் ஐயா அதைச் சட்டையின் உட்பையில் போட்டு ஊசி குத்தி வைத்திருப்பார். கண்டியில் நான் எழுதுவினைஞராக இருந்த அரச அலுவலகத்தின் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி காசாளரிடம், மற்றது ஐயாவிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். சாவி கைமாறினால் கொடுத்தவரும் வாங்கியவரும் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். "அந்தச் சாவிக்குத் தாலி கட்டிட்டீங்களாய்யா?" என்று காசாளர் சீண்டுவார். ஐயா சிரிக்கமாட்டார். பன்வில தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, வத்தேகமவுக்கு நடந்துபோய்ப் படித்து, சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஒவ்வொரு பரீட்சையாக எழுதி கணக்காளர் கதிரைக்கு வந்தவர். "நம்மாளு ஒருத்தன் பெட்டி பக்கத்துல நின்னா எல்லாக் கண்ணும் அவன் மேலதான்" என்பார்.

ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. ஒருநாள் காலை கொழும்பிலிருந்து அவசர அழைப்பு. வாகனம் காத்து நின்றதால், வந்து பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பத்து மணிபோல வீட்டிலிருந்து செய்தி வந்தது: இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு. சாவியைக் காசாளரின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். என்னோடேயே கொண்டுபோயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எத்தனை தடவை யோசித்திருப்பேன். மறுநாள் காசாளர் வேலைக்கு வரவில்லை. பெட்டகத்தில் சம்பளப் பணமும் இல்லை.

விசாரணைக்கு முன் ஐயா என்னைப் படிக்கட்டருகே கூப்பிட்டார். முதலில் மகளின் காய்ச்சலைத்தான் விசாரித்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதிவேட்டுல சாவி என்கிட்டதான் இருக்கு. அப்படியே இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத, புள்ள."

நான் திறக்கவில்லை. மேசை லாச்சியில் சாவியை மறந்து வைத்துவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார். இடைநிறுத்தினார்கள். ஓய்வுபெறும் நாள் வந்தபோது ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. விசாரணை முடியுமுன்பே, அடுத்த மழைக்காலத்தில், மாரடைப்பில் இறந்துபோனார்.

பிறகு அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். ஓய்வூதியத்துக்கு மேன்முறையீடு எழுத வேண்டுமாம். அலுவலக விஷயம் தெரிந்தவள் நான்தானாம். மரியாதையான, பிழையில்லாத கடிதமாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நிராகரித்துவிட்டார்கள்.

போன மாதம் இரண்டாவது கடிதத்தோடு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அதில் நடந்தது முழுவதும் இருந்தது, என் பெயரும் கையொப்பமும் இருந்தன. வேலை போனால் மகளை எப்படி வளர்ப்பது, இத்தனை காலம் கழித்துச் சொல்வது யாருக்காக என்று பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கப் பார்த்தேன். வாசித்துக் காட்டினேன். ஐயாவின் மனைவி கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு இருக்கையில சொல்லியிருக்கலாமே" என்றார்.

பிறகு பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் மெல்லத் தன் பெயரை எழுதினார். நான் செருப்பைப் போடும்போது கேட்டார்.

"கொழந்தைக்கு அதுக்கப்புறம் வலிப்பு வரலியே?"

"இல்லம்மா. அந்த ஒரு தடவதான்."