தூள் குழியில் விழுந்த வலியை மறைத்தேன்

திருப்பனந்தாள் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் மரத்தூளை அள்ளிச் சாக்கில் கட்டுவது என் வேலை. ரம்பத்துக்கு அடியில் நெஞ்சளவு ஆழத்துக்குத் தூள் விழும் குழி உண்டு. மில் ஓடும் நாளெல்லாம் அது நிறைந்தே கிடக்கும். தரை என்று நினைத்து அதன்மேல் நடப்போம். ஆயுத பூஜைக்கு மட்டும் சுத்தமாக வழித்தெடுப்போம்.

போன பூஜையன்று, முதலாளி வீட்டுப் பெண்கள் வருகிறார்களே, குழி அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று ரம்பம் ஓட்டும் மிஷின்காரர் காலிக் குழிமேல் சாக்கை விரித்துத் தூளைத் தூவிவிட்டார். அது தெரியாமல் சுண்டல் தட்டோடு வழக்கம்போல் கால் வைத்தேன். அப்படியே உள்ளே போய்விட்டேன்.

என்னோடு வேலை செய்யும் செல்வி ஓடிவந்து தூக்கினாள். "அக்கா, அடி பட்டுச்சா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சுண்டல்தான்டி வீணாப்போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன். வயசாகிவிட்டது, வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பூஜை முடிந்து மில் ஓட ஆரம்பித்ததும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மூட்டை தூக்கினேன்.

சில நாள் கழித்து, ஓடுகிற ரம்பத்தின் பக்கம் தலைச்சுமையோடு போகும்போது கால் மடங்கியது. ரம்பத்தின் மேல் சாய இருந்தவளைச் செல்விதான் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"வீராப்புக்கு உசுர விடப் பாத்தியேக்கா!" என்று அழுதாள். எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பெலும்பில் விரிசல். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன்.

இப்போது குழியை வழித்தால் சுற்றிலும் கயிறு கட்டச் சொல்கிறேன். நான் உட்கார்ந்து சாக்குத் தைக்கிறேன். யாராவது "வலிக்குதா?" என்றால் "வலிக்குது" என்று சொல்லிவிடுகிறேன். மூட்டையைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.