கை தூக்கச் சொன்னால் கண்ணை மூடுகிறவர்கள்

தாம்பரத்தில் எங்கள் சபைக்கு வரும் பிரசங்கிமார்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் கணக்கு டீச்சர். மணி அடித்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு முறை விருந்தாளியாக வந்த போதகர் "கடைசியாக" என்று மூன்றாம் தடவை சொன்னபோது, துண்டுச் சீட்டில் நேரத்தை எழுதி மேடைக்கு அனுப்பிவிட்டேன். சபையில் பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். மீதிப் பாதிப் பேரும் திட்டியிருப்பார்கள், ஆனால் பசி, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தாய்லாந்தில் நடக்கவிருந்த பெரிய மிஷனெரி மாநாட்டு வேலைக்கு ஆள் கேட்டபோது எங்கள் போதகர் என் பெயரைத்தான் கொடுத்தார். மேடையில் நேரம் பார்க்கும் வேலை. "இதுக்கு உங்கள விட்டா யாரும்மா இருக்காங்க?" என்றார். ஒரு வாரம் நான் ஊரில் இருக்கமாட்டேன் என்கிற சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மாநாட்டுக்கு முன்னால் ஆறு மாதம் கம்ப்யூட்டரிலேயே கூட்டம் போட்டோம். எந்த நாட்டில் இருந்தாலும் நம் ஆட்கள் நம் ஆட்கள்தான். ஆரம்ப ஜெபம் கால் மணி, முடிவு ஜெபம் கால் மணி, நடுவில் அடுத்த கூட்டத்தை எப்போது வைக்கலாம் என்கிற ஆலோசனை. யாராவது ஒருவர் மைக்கை அணைக்க மறந்து அவர் வீட்டுக் குக்கர் விசில் உலகம் முழுக்கக் கேட்கும். அந்த ஒருவர் இரண்டு தடவை நான்தான்.

நம் பக்கத்திலிருந்து ஒருவருக்குத்தான் மேடையில் இடம், அதுவும் ஆறே நிமிஷம். கூடுவாஞ்சேரியில் தன் தம்பி வீட்டுக்கு முழங்கால் வைத்தியத்துக்காக வந்திருந்த ஓர் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். நர்ஸ். ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் முப்பது வருஷமாக ஓர் அறையும் இரண்டு கட்டிலும் உள்ள ஆஸ்பத்திரியைத் தனியாளாக நடத்திவருகிறார். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. அடுத்த வருஷத்துக்குள் இன்னொரு நர்ஸ் வராவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான். பூட்டினால், பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அரை நாள் மலை இறங்க வேண்டும். அந்த ஆறு நிமிஷத்தில் எப்படியாவது ஒரு நர்ஸைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அக்காவின் எண்ணம்.

சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய் ஒத்திகை பார்த்தேன். முதல் நாள் அக்கா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய போதகர்மார்களே, அவர்தம் துணைவியார்களே, மூப்பர்களே..." வணக்கமும் ஸ்தோத்திரமும் ஐந்தேகால் நிமிஷம். ஆஸ்பத்திரிக்கு முக்கால் நிமிஷம் பாக்கி.

"அக்கா, வணக்கத்த வெட்டுங்க."

"ஐயையோ, மரியாதை இல்லாம எப்படிம்மா?"

"மரியாதை வேணுமா, நர்ஸ் வேணுமா?"

அக்கா முறைத்தார். "உங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க ரொம்பப் பாவம்," என்றார். ஆனாலும் அடுத்த வாரம் வணக்கம் ஒரே வரியாகியிருந்தது.

மாநாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் மலைத்துப் போனேன். எங்கள் ஆலயத்தைப் போல ஐம்பதை அதற்குள் வைக்கலாம். மேடைக்குக் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குப் பெட்டியோடு என்னை உட்கார வைத்தார்கள். முதலில் பேசிய வெள்ளைக்காரர் சிவப்பைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு இன்னும் எட்டு நிமிஷம் பேசினார். இந்த விஷயத்தில் மட்டும் உலகம் முழுக்க ஒரே சபைதான்!

அடுத்தது அக்கா. அவர் தமிழில் பேச, மற்றவர்கள் காதில் மாட்டிய கருவியில் அவரவர் மொழியில் கேட்டார்கள். நாலு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். மஞ்சள்கூட எரியவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அக்கா சொன்னார்: "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் பேசாம நிக்கிறேன். வர்றேன்னு சொல்ற நர்ஸ் யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

நின்றார்.

மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால் நம் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்வரிசையில் ஒரு பெரியவர் பயபக்தியோடு தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவரைப் பார்த்து அந்த வரிசை, அப்புறம் மண்டபமே குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. அக்கா ஏதாவது கை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். எதிரே வெறும் தலைமுடி. என் கண்ணுக்குத் தெரிந்து கண்ணைத் திறந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் கடிகாரத்துக்காக. சிவப்பு எரிந்ததும் எங்கிருந்தோ கணீரென்று ஒரு "ஆமென்". உடனே மண்டபம் முழுக்க "ஆமென்".

அக்கா படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி என்னிடம் வந்தார். "நான் எப்பம்மா ஜெபிக்கச் சொன்னேன்?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

இடைவேளையில் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், செல்ஃபி எடுத்தார்கள், உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று எல்லா மொழியிலும் சொன்னார்கள். "ஜெபிக்க ஆள் நிறைய இருக்கு," என்றார் அக்கா என்னிடம். "ஊசி போடத்தான் ஆள் இல்ல."

திரும்பி வரும்போது விமானத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஊருக்குத்தான் உபதேசம் இவங்களுக்கெல்லாம் என்று உலகத் திருச்சபையையே ஒரு பிடி பிடித்தேன். அக்கா முழங்காலைத் தடவியபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்துக்கு என் மகள் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவைக் கூடுவாஞ்சேரியில் விட்டுவிட்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. பல்லாவரம் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து அக்கா சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"நீ என்ன வேலை பாக்குறம்மா?"

"நர்ஸ், ஆன்ட்டி. லேபர் வார்டுல."

ஆமாம், நர்ஸ்தான். குரோம்பேட்டையில் வேலை, சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு, அடுத்த வருஷம் ஜெர்மனி. எல்லாம் என் திட்டம். அத்தனை சனிக்கிழமை ஒத்திகையில் அக்காவிடம் இதை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. சந்தர்ப்பம் வரவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லேபர் வார்டா..." என்று இழுத்தார் அக்கா. அப்புறம், "ஒரே ஒரு வருஷம் எங்க மலைக்கு வர்றியாம்மா?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சட்டென்று பின்னால் திரும்பிச் சொன்னேன்.

"ஜெபிக்கிறோம்க்கா."

என் குரல்தான். கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. அக்கா மறுபடி முழங்காலைத் தடவ ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. மகள் என் பக்கம் திரும்பாமலேயே, "அம்மா, ஆன்ட்டி என்னத்தானே கேட்டாங்க?" என்றாள். பிறகு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "அங்க மாசத்துக்கு எத்தனை டெலிவரி வரும், ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அக்கா முன்னால் சாய்ந்து சொல்ல ஆரம்பித்தார். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை.