எஸ்ஸுக்கும் டி-க்கும் நடுவே

என் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று அறுபது வயதுக்கு மேல்தான் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதுவும் என் கணவருக்குப் பேச்சு நின்றுபோன பிறகு.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அப்படிப் பேசுவார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. காலையில் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால், பீச் ஸ்டேஷன் போவதற்குள் பெட்டியில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் ஆகியிருப்பார். கறிவேப்பிலை வாங்கப் போனால் குழம்பு கொதித்து ஆறும்வரை வரமாட்டார். நான் கத்தினால், "பேச்சுக்கு என்ன டாக்ஸா போடறாங்க, டீச்சரம்மா?" என்பார். டீச்சரம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் இங்கிலீஷ் டீச்சர்.

பக்கவாதம் வந்தது. கர்த்தர் கிருபையால் கால் தேறியது, கையும் தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பேப்பர் படிப்பார், என் கோபத்தைப் பார்த்துச் சிரிப்பார். "வா", "போ", "வேணா" மாதிரி குட்டிச் சொற்கள் வரும். பெரிய சொல் என்றால் உதடு கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் இரண்டு பேரும் மருந்துக் கடைக்குப் போனோம். மாத்திரை அட்டையை நீட்டி எதையோ கேட்கப் பார்த்தார். வரவில்லை. கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல உரக்க, "எத்தனை அட்டை வேணும்?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன கேக்கறாரு அவரு?" என்றார். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றி என்னிடம் கேட்கிறார்! என் கணவர் அட்டையை என் கையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்குக் காரில் போய் வருவதைத் தவிர, கேட்டைத் தாண்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

பயிற்சி கொடுப்பது ஒரு சின்னப் பெண். பல்லாவரத்தில் ஒரு மாடி அறை. "ஆன்ட்டி, அங்கிளை வீட்டுக்குள்ளயே வெச்சுக்காதீங்க. வெளி ஆளுங்ககிட்ட பேசலன்னா, வர்ற பேச்சும் வீட்டோடயே நின்னுடும்" என்று எச்சரித்தாள். ஊரே சொந்தம் என்று இருந்த மனிதர் என் ஒருத்தியோடு மட்டும் பேசி என்ன ஆவது?

வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள் என்னென்ன என்று அவள் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் அவரைச் சொல்ல வைத்துப் பார்த்தாள். தட்டு, தண்ணி, சட்டை எல்லாம் தத்தித் தத்தி வந்தன. ஸ்டவ், ஸ்டூல், ஸ்டேஷன், ஸ்டாம்ப், ஸ்டிக்கர். அங்கேதான் வண்டி நின்றது. எஸ்ஸும் டி-யும் சேர்ந்து முன்னால் வந்தால் "ஸ்ஸ்ஸ்..." என்று காற்று மட்டும் போகும். அப்படி ஒரு முறை மாட்டிக்கொண்டால் அன்று முழுக்க வாயைத் திறக்கமாட்டார்.

"இந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எதுக்கும்மா? தமிழ்லயே சொல்லிக் கொடேன்" என்றேன்.

"ஆன்ட்டி, நீங்க வீட்ல அடுப்புன்னா சொல்றீங்க?"

நான் ஸ்டவ் என்றுதான் சொல்கிறேன். இங்கே எல்லாரும் அப்படித்தான்.

பிறகு ஒரு கண்ணாடியை என் முகத்துக்கு முன்னால் வைத்து, "ஸ்டவ்னு மெதுவா சொல்லிப் பாருங்க" என்றாள். சொன்னேன். எஸ் என்றால் நாக்கு மேலே ஒட்டாமல் ஒரு நூலிழை இடம் விட்டுக் காற்றைச் சீறவிட வேண்டும். டி என்றால் அதே நாக்கு எழும்பி வழியை முழுக்க அடைக்க வேண்டும். தொண்டை அதுவரைக்கும் சத்தம் போடாமல் பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள். நடுவில் மூச்சுவிட்டு நிற்க ஓர் உயிரெழுத்துகூட இல்லை. அட கர்த்தாவே! இத்தனை வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், என் நாக்கு இவ்வளவு வேலை பார்க்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அன்று வீட்டுக்கு வந்து பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று "ஸ்டார், ஸ்டோன், ஸ்ட்ரீட்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே என் வாய் மேல் பயபக்தி வந்தது. ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் இதெல்லாம் நின்றுபோகும் என்றால், இதுவரை ஓடிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அதிசயம்!

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். பாலை ஸ்டவ்வில் வைத்துவிட்டு, பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹாலில் இருந்து ஒரு குரல்.

"இஸ்டவ்!"

நான் முதலில் யாரோ ஆள் வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஓடி வந்தால் பால் பொங்கி வழிந்து மேடை முழுக்க ஓடுகிறது. இவர் அடுக்களை வாசலில் நின்று அதைக் கைகாட்டியபடி, "இஸ்டவ், இஸ்டவ்" என்கிறார். நான் ஸ்டவ்வை அணைக்கவே இல்லை. அவர்தான் என்னைத் தாண்டிப் போய் அதை அணைத்தார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டு பால் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை இருந்தது. வேலையில் இருந்த நாளெல்லாம் நான் மல்லுக்கு நின்றது அந்த 'இ'யோடுதான். "இஸ்கூல் லீவா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். எங்கிருந்து வந்தது அந்த இ என்று நிற்க வைத்துக் கேட்பேன். எங்கள் பம்மலில் பாதிப் பேருக்கு ஸ்டேஷன் இஸ்டேஷன்தான், ஸ்டைல் இஸ்டைல்தான். பிள்ளைகளைத் திருத்தியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் திருத்துவேன். ஆனால் மறுநாள் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இஸ்டவ் கதையைச் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள்.

"சூப்பர் அங்கிள்! அதையே பிடிச்சுக்கோங்க. முன்னாடி இ போட்டா இஸ் தனி, டவ் தனி. நாக்குக்கு நடுவுல நின்னு போக இடம் கெடைக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமல், ஓர் ஊரே அந்த இடறுகிற இடத்தில் ஒரு படிக்கல்லைப் போட்டு வைத்திருக்கிறது. என் கணவர் அதன் மேல் காலை வைத்து ஏறி வந்துவிட்டார். இஸ்டூல் வந்தது. இஸ்டீல் டம்ளர் வந்தது. வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இஸ்டிக்கர்" என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, எப்படி என்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

ஆனால் எல்லாம் வீட்டுக்குள்தான். காலிங் பெல் அடித்தால் உள்ளே போய்விடுவார். கூரியர்காரர் முன்னால்கூட வாய் பூட்டிக்கொள்ளும். அந்தப் பெண் சொன்னதுபோலவே பேச்சு வீட்டோடு நின்றுவிடுமோ என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து கீழே வந்தோம். பல்லாவரம் சந்தை நாள், எள் போட்டால் எள் விழாது. கார் புக் பண்ணினால் ஒவ்வொருத்தரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு கேன்சல் செய்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேறு வழியில்லாமல் பம்மல் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பின்னால் எனக்கு மட்டும்தான் இடம். அவரை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சந்தையில் வாங்கிய ரோஜாத் தொட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவுக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவில் நான் நசுங்கிக்கொண்டிருந்தேன். எஃப்.எம். அலறியது.

எங்கள் தெரு வந்தது. "நிறுத்துப்பா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். வகுப்பையே அடக்கிய என் குரல் அந்தப் பாட்டுச் சத்தத்தில் எடுபடவில்லை. வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. முன்னால் என் கணவரின் கழுத்து விறைப்பதைப் பார்த்தேன். கர்த்தாவே, வேண்டாம், இவர் மாட்டிக்கொள்வார், இன்னொரு மருந்துக் கடை ஆகிவிடும் என்று எனக்குப் பதறியது.

"இஸ்டாப்!" என்றார்.

வண்டி நின்றது.

அத்தனை ஜனம், அத்தனை மூட்டை, அத்தனை இரைச்சலோடு ஓடின வண்டி அவருடைய ஒரு சொல்லுக்கு நின்றது. இறங்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அந்த அம்மாதான், "எறங்குங்கக்கா" என்று என்னை நகர்த்தினாள். அதற்குள் டிரைவர் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், இவ்ளோ நேரம் வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தீங்க? தெரு தாண்டினப்புறம் சொல்றீங்க! பின்னாடி வண்டி வருதா இல்லியா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் அப்போதுதான் உணர்ந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரை ஒருத்தரும் திட்டவில்லை. எல்லாரும் பாவம் பார்த்தார்கள், என்னிடம் விசாரித்தார்கள். இவன் ஒருத்தன்தான் அவர் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறான், பேசத் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்த மனுஷனைத் திட்டுகிற மாதிரி. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தேகமே வரவில்லை.

ஆட்டோ போய்விட்டது. இவர் ரோட்டோரத்தில் நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டைக் கூட்டி, எந்தப் பயிற்சியிலும் சொல்லிப் பார்க்காத ஒரு சொல்லை மெதுவாக எடுத்தார்.

"கொ...ழுக்...கட்டையாம்" என்றார், "டீச்சரம்மா."